ஈரம் இறங்கிய அறை

நல்லதம்பி ஏணியில் நின்று ஏசியின் முகப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. வேண்டுமென்று எடுத்த பேச்சில்லை. கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்காமல் எதையாவது பேசுமே, அப்படி வந்து விழுந்தது.

"தென்னூர் கடையில பெரிய பிரிண்டர் வெச்சிருந்தீங்கல்லக்கா? அதுக்குப் பக்கத்துல பனி மாதிரி புகை விட்டுக்கிட்டு ஒண்ணு இருக்குமே."

"ஹியூமிடிஃபையர்" என்றாள் பிரான்சி. கழற்றிய ஸ்க்ரூக்களைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அவள் கீழே நின்றிருந்தாள்.

"அதான். அதை நிறுத்திட்டு, உள்ள இருந்த தண்ணியை எடுத்துட்டுப் போய் மாடிப்படியில இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊத்துனாங்க அந்தக்கா. செடிக்குக் கூட ஏசி ரூம் தண்ணியான்னு நான்கூட சிரிச்சேன்."

"எந்தக்கா?"

"சுபஸ்ரீக்காதான். நீங்க அம்மாவோட வேளாங்கண்ணிக்குப் போயிருந்தீங்களே, அப்போ. என்னை சர்வீஸுக்கு வரச் சொல்லிட்டு, ஏசியையும் டிரை மோடுல போடச் சொன்னாங்க. ஏதோ கேன்வாஸ் எல்லாம் ஈரத்துல சுருளுதுன்னாங்க."

பிரான்சியின் கையிலிருந்த ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து மேசைக்கு அடியில் உருண்டு போனது. அவள் குனியவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீங்க வேலையப் பாருங்க."

அவன் போன பிறகு புத்தூரில் தன் வீட்டு முன்னறையில், பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிற நீலத் திரைக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. உள்ளேயிருந்து அம்மா இருதயமேரி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

அவளும் சுபஸ்ரீயும் கல்லூரியில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்து சில வருஷம் ஆளுக்கொரு இடத்தில் வேலை பார்த்துவிட்டு, சேர்ந்து தென்னூரில் போட்டோ பிரிண்ட் போடும் கடை வைத்தார்கள். கல்யாண ஆல்பம், பெரிய சைஸ் படங்கள், ஓவியர்களுக்குக் கேன்வாஸில் பிரிண்ட். கணினியில் படத்தைத் திருத்துவது சுபஸ்ரீ. பிரிண்டரும் அது இருந்த அறையும் பிரான்சியின் பொறுப்பு.

இங்க் பிரிண்டரின் ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மை அதன் வழியாகத்தான் காகிதத்தில் பாயும். அறையில் காற்று காய்ந்து போனால் துளையின் வாயிலேயே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். திருச்சி வெயிலில் ஏசி போடாமல் பிரிண்டரை வைக்க முடியாது. ஏசி போட்டாலோ காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் அது இழுத்துவிடும். அதற்காகத்தான் ஹியூமிடிஃபையர். சுவரில் மாட்டிய மீட்டரில் ஈரப்பதம் நாற்பதுக்குக் கீழே போகவே கூடாது என்பது பிரான்சி அந்தக் கடையில் போட்ட சட்டம். காலையில் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அந்த மீட்டரைத்தான் பார்ப்பாள்.

வேளாங்கண்ணிக்குப் போன அன்றும் தொட்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி காலி. மீட்டர் முள் இருபதுகளில் கிடந்தது. பிரிண்டர் போட்ட முதல் படத்திலேயே குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

அந்த முதல் படம் ஜென்சியுடையது. மன்னார்புரத்தில் இருக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அற்புதசாமியின் ஒரே மகள். பஸ் விபத்தில் போய்விட்டாள். தெளிவான படம் ஒன்றுகூட இல்லை. ஏதோ கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குள் நின்றிருந்த அவள் முகத்தைத் தனியாக எடுத்து, மங்கலை நீக்கிப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அன்று மாலை கோயிலில் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. ஹெட்டைக் கழுவிப் பார்த்தார்கள், ஊற வைத்துப் பார்த்தார்கள். கோடு போகவில்லை. வேறு லேபில் போட்டு எடுக்க நேரமும் இல்லை.

"நீ தண்ணி ஊத்தாம போயிட்டடி" என்றாள் சுபஸ்ரீ.

ஊற்றினேனே என்று பிரான்சிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் காலியான தொட்டி கண்முன்னால் இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் முதல் நாள் ஊற்றியதை அன்று ஊற்றியதாக நினைத்துக்கொண்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சார் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் தப்பு சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." பக்கத்தில் நின்று சுபஸ்ரீ அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அற்புதசாமி கோடு விழுந்த படத்தையே வாங்கிக்கொண்டு போனார். பிறகு நல்ல படமாகப் போட்டுத் தருகிறேன் என்று பிரான்சி எவ்வளவோ கேட்டும், "பூசைக்கு வெச்ச படம்மா. மாத்த மனசு வரல" என்று சொல்லிவிட்டார்.

அதோடு முடியவில்லை. கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிரான்சியை நம்பிப் படம் கொடுத்தால் அவள் ஊர் சுற்றப் போய்விடுவாள் என்று பேச்சு பரவியது. கோயில் வாசலில் தெரிந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பேசினார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையே நிறுத்தினாள். கடையைப் பிரித்தபோது "உன்னால இதைப் பாத்துக்க முடியாதுடி" என்று பெரிய பிரிண்டரை சுபஸ்ரீ எடுத்துக்கொண்டாள். தப்பு செய்தவளுக்கு என்ன பேச்சு என்று பிரான்சி விட்டுவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் மாடி அறை பிடித்து, ஹெட்டை மாற்றி, சுபஸ்ரீ தனியாகத் தொழிலை ஆரம்பித்தாள். நன்றாகவே நடந்தது. பிரான்சி வீட்டு முன்னறையில் ஒரு நடுத்தர பிரிண்டரை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுத்து ஓட்டினாள்.

செய்யாத தப்புக்கு இத்தனை காலம் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதுதான் பிரான்சிக்குத் தாங்கவில்லை. ஊர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். ராத்திரி ஜெபத்தில் கடவுளிடம்கூட அல்லவா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்!

மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே வெறும் மணலாகக் கிடந்தது. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. என்னென்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மாடியில் நின்று கத்தினால் தெருவே கேட்கட்டும்.

கதவைத் திறந்த சுபஸ்ரீயின் முகம் மலர்ந்தது. "பிரான்சி! உன்னைத்தான்டி நெனச்சேன். உள்ள வா."

அறை தென்னூர் அறையைப் போலவே இருந்தது. அதே பிரிண்டர், அதே சுவர் மீட்டர், மூலையில் புதிதாகப் பெரிய ஹியூமிடிஃபையர். பிரான்சி வைத்திருந்த முறையிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தாள்.

"பெரிய வேலை ஒண்ணு வந்திருக்குடி. காலேஜ் பழைய மாணவிகள் சேர்ந்து தென்னூர்ல ஹால் எடுத்து போட்டோ கண்காட்சி வைக்கறாங்க. காவிரிக்கரைப் பெண்கள்னு தலைப்பு. எல்லாப் படமும் நான்தான் போடறேன். ஆனா நடுவுல தஞ்சாவூர்ல எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம். அப்பாவால தனியா போக முடியாது, கூட நான் போகணும். திரும்பி வந்த மறுநாளே பிரிண்ட் போட்டாகணும். அதுவரைக்கும் இந்த ரூமை யாரு பாத்துப்பாங்கன்னு மண்டை காயுது."

பிரான்சி சுவர் மீட்டரைப் பார்த்தாள்.

"இந்த மெஷின்ல ஹெட்டை மூடி வைக்கற ரப்பர் வேற தேஞ்சு போச்சு. காத்து கொஞ்சம் காஞ்சாலும் அடைச்சுக்கும். நீ தெனம் வந்து தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போறியா? உன்னை விட்டா யாருக்குடி தெரியும்?"

சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்திருந்தன. பிரான்சி அவற்றை விழுங்கினாள். கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். "சரி. நிம்மதியா போயிட்டு வா" என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுபஸ்ரீயும் அவள் அப்பா பீமராவும் தஞ்சாவூருக்குக் கிளம்பிய அன்று மதியம் பிரான்சி அந்த அறையைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஹியூமிடிஃபையரை நிறுத்தினாள். தொட்டியைக் கழற்றி, துளி சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் சுழன்று இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு ஏசி ரிமோட்டை எடுத்து டிரை மோடில் போட்டாள்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலியை இழுத்து மீட்டருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள். முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் அவள் உடம்புக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. முள் நாற்பதைத் தாண்டி இறங்கியபோது அவள் சிரித்தேவிட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது!

அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். ஊற்ற வேண்டிய தண்ணீரை ஊற்றாமல் இருப்பதற்காகவே வந்தாள். பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, "காயட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். உதடு வெடித்தது, தொண்டை வறண்டது. அவள் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரைக்கூட அந்த அறைக்குள் குடிக்கவில்லை. மூடியைத் திறந்தால் ஈரம் ஏறிவிடுமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

சுபஸ்ரீ திரும்பி வந்த மறுநாள் காலையில் போன் வந்தது. "கொஞ்சம் வரியா?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்காகத்தான் காத்திருந்தாள் பிரான்சி. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். அறைக்குள் நுழைந்ததும் மேசையில் கிடந்த பிரிண்டைப் பார்த்தாள். காவிரி மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த பெண்ணின் நெற்றியிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளைக் கோடுகள். கறுப்பு மை அநேகமாக வரவே இல்லை.

"என்னடி ஆச்சு?" என்றாள் பிரான்சி. பிறகு, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரியைச் சொன்னாள். "நீ தண்ணி ஊத்தாம போயிட்டியா?"

சுபஸ்ரீ அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன. எழுந்து போய், பேப்பர் ரோல்கள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னாலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு தன் போனைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள். திரையில் ஒரு கோடு. மலையிலிருந்து இறங்குகிற பாதை மாதிரி சரிந்து சரிந்து கீழே போயிருந்தது.

"இந்த ரூம்ல ஈரம் எவ்வளவு இருக்குன்னு இது என் போனுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். நீ தொட்டியக் கவுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும் பிரான்சி."

பிரான்சிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சுதா? அப்போ ஏன் போன் பண்ணல? கீழ்வீட்டுல சொல்லியிருந்தாக்கூட வந்து பாத்திருப்பாங்களே!"

"பந்தியில உக்காந்திருந்தேன். போன் கத்துச்சு. எடுத்துப் பாத்தேன், முப்பத்தஞ்சுன்னு காட்டுச்சு. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே புரிஞ்சுது. போனைக் கவுத்து வெச்சுட்டு சாப்பிட்டேன்." சுபஸ்ரீயின் குரல் உடைந்தது. "அன்னிக்கு கேன்வாஸ் கெட்டுப்போகக் கூடாதுன்னுதான்டி நிறுத்துனேன். திரும்பப் போட மறந்துட்டேன். சார் வந்து நின்னதும் பயந்துட்டேன். வாயில வந்துருச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? என் மெஷினும் போகட்டும், உனக்கும் ஆறட்டும்னு விட்டுட்டேன். நமக்குள்ள இதோட சரியாப் போச்சுல்ல?"

பிரான்சி மூன்று நாள் உட்கார்ந்து ரசித்து ரசித்துப் பழி வாங்கியதாக நினைத்திருந்தாள். அதைக்கூட இவள் தஞ்சாவூர்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். ஒரு இயந்திரத்தைக் காய விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன்னைத் தானே கழுவிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"எது சரியாப் போச்சு?" என்று கேட்டாள். சத்தம் தானாக உயர்ந்தது. "நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தியேடி! நான் அவரு கையைப் பிடிச்சுட்டு அழுதப்போ தடவிக் கொடுத்தியே! உன் மெஷினுக்குப் புது ஹெட்டு போட்டா ஓடும். நான் கோயிலுக்குப் போகாம இருந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் எந்தக் கடையில போய் வாங்குவ?"

சுபஸ்ரீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது ஓயட்டும் என்று பிரான்சி நின்றிருந்தாள்.

"கண்காட்சிக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை. வேற லேபுல கேட்டேன், இந்தப் பேப்பர்ல போட மாட்டேங்கறாங்க."

"என் வீட்டு மெஷின்ல வரும். இந்த சைஸ் தாங்கும். நான் போட்டுத் தரேன்."

சுபஸ்ரீ நம்ப முடியாமல் தலையைத் தூக்கினாள்.

"இப்பவே என்கூட மன்னார்புரம் வரணும். சார்கிட்ட உன் வாயால சொல்லணும்."

"ஐயோ, அவரு முன்னால என்னால நிக்க முடியாதுடி. வேற என்ன வேணா கேளு."

"வேற எதுவும் வேணாம்."

சுபஸ்ரீ மேசையில் கிடந்த பிரிண்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அற்புதசாமி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். சுவரில் ஜென்சி இருந்தாள், கோடுகளோடு. சுபஸ்ரீ அந்தப் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். விட்டு விட்டுச் சொன்னாள். நடுவில் அவள் நிறுத்தினபோது பிரான்சி, "தொட்டித் தண்ணியை என்ன பண்ணுனன்னு சொல்லு" என்றாள். அதையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பிரான்சி அன்னிக்கு அழுதப்போ நீங்க பக்கத்துலதான் நின்னுட்டிருந்தீங்க, இல்லையாம்மா?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணை நான் எத்தனை பேர்கிட்ட குறை சொல்லியிருப்பேன் தெரியுமா? முகத்துக்கு நேரா பரவாயில்லம்மான்னு சொல்லிட்டு, வெளிய கோயில்ல, கடையில, பாக்குற எடத்துலயெல்லாம் சொன்னேன். என் வாயையும் கெடுத்துட்டீங்களேம்மா." அவர் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்க."

சத்தம் போடவில்லை. மரியாதைகூடக் குறையவில்லை. ஆனால் சுபஸ்ரீ எழுந்து அந்தக் கதவைக் கடப்பதற்குள் அவள் கால் இரண்டு தடவை இடறியது. பிரான்சி அதை ஒன்றுவிடாமல் பார்த்தாள். மீட்டர் முள் இறங்கியபோது வந்த சந்தோஷம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பாவம் என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கூடவே எழுந்தவளை அற்புதசாமி, "நீ இரும்மா" என்று நிறுத்தினார். காபி போட்டுக் கொடுத்தார். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது பிரான்சி தடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்து அறையில் தான் செய்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, "நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "கெட்டதுன்னும் இன்னிக்கு என்னால சொல்ல முடியல" என்றார்.

பிரான்சி வாக்குத் தவறவில்லை. சனிக்கிழமைக்குள் எல்லாப் படங்களையும் போட்டு முடித்தாள். முன்னறையில் ஈரத் துண்டுகளைக் கொடிகட்டித் தொங்கவிட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து, ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லாமல் எடுத்தாள். அம்மா துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தாள். கண்காட்சிக்காரர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, படம் போட்டவர் பெயர் எங்கே வரும் என்று கேட்டாள். வாசலில் வைக்கும் போர்டில் வரும், சுபஸ்ரீ பெயர் எழுதியாகிவிட்டதே என்றார்கள். "அதை அழிச்சிட்டு என் பேரை எழுதுங்க. வேணும்னா அவகிட்ட போன் போட்டுக் கேளுங்க" என்றாள். போட்டுக் கேட்டார்கள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அழித்துவிட்டு எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தென்னூர் ஹாலில் நல்ல கூட்டம். பழைய போட்டோகிராபர்களில் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். போர்டைப் படித்துவிட்டு, படங்களுக்குக் கிட்டே போய் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தார்கள். ஒருவர் பிரான்சியிடம் வந்து நம்பர் கேட்டார். எந்த நம்பரில் முன்பு கூப்பிட்டுத் திட்டினாரோ, அதே நம்பர்தான் என்றாள் அவள். அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு நகர்ந்தார்.

கூட்டம் குறைகிற நேரத்தில் சுபஸ்ரீ வந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பிரான்சியின் பக்கத்தில் நின்றாள். இளைத்திருந்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குடி."

"ம்."

"நான் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுன்னு. ஒருத்தர் விடாம சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன்."

சுபஸ்ரீ புடவைத் தலைப்பைத் திருகினாள். "இப்பவாவது சரியாப் போச்சா?"

பிரான்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் விழித்திருந்தவள். அதெல்லாம் மறந்துபோயிருக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

"இல்ல" என்றாள்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்காட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு, புத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தாள்.